அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மனநோய் வந்தால்… எந்த ஓ.பி.யில் டோக்கன் வாங்குவது?

26 வயது இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் பேச்சு இல்லை. ஆனாலும் காலையில் தானே பல் தேய்ப்பார், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார், சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் காகிதக் கவர் ஒட்டுவார். மூன்று மாதமாக இதில் எதுவும் நடக்கவில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கிட்டே போனால் தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறார்.

பள்ளியில் சொல்கிறார்கள்: “இது எங்களால முடியாதும்மா, சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட காட்டுங்க.” அம்மா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். டோக்கன் வாங்கி, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் மகனைப் பிடித்து வைத்திருந்து, உள்ளே போனால், ஃபைலில் இருக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பார்த்ததுமே பதில் வந்துவிடுகிறது: “எம்.ஆர். கேஸா? இவங்க அப்படித்தான் இருப்பாங்கம்மா. தூங்கறதுக்கு மாத்திரை எழுதியிருக்கேன். ஸ்பெஷல் ஸ்கூல்ல விடாம ட்ரெயினிங் கொடுங்க.”

எங்கிருந்து கிளம்பினாரோ அங்கேயே திருப்பி அனுப்பப்படுகிறார்.

இந்த இளைஞர் கற்பனை. இந்தச் சுற்று கற்பனை அல்ல. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளையைப் பெரியவராகும்வரை வளர்த்த எந்த வீட்டில் கேட்டாலும் இதில் ஏதாவது ஒரு பாதியைச் சொல்வார்கள். மூன்று மாதமாக மாறிப்போன ஒருவரை ‘அப்படித்தான் இருப்பார்’ என்று எப்படிச் சொல்ல முடிகிறது? மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் அப்படி இல்லையே!

இரண்டும் வேறு, ஆனால் ஒருவருக்கே இரண்டும் வரலாம்

அறிவுசார் குறைபாடு என்பது வளரும் பருவத்திலேயே தொடங்கும் நிலை. கற்றுக்கொள்வது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வது ஆகியவற்றில் வேகமும் எல்லையும் வேறாக இருக்கும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவையும் பிறவியிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ வருபவை. மனநோய் என்பது வேறு. மனச்சோர்வு, பதற்றம், இருதுருவ மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு எல்லாம் யாருக்கும், எந்த வயதிலும் வரலாம். சிகிச்சையில் குறையலாம், மறையலாம். செய்தித் தலைப்புகளே இரண்டையும் ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பும் ஊர் நம்முடையது.

இரண்டும் வேறு என்று புரிந்துகொண்டவர்கள்கூட அடுத்த படியில் தவறிவிடுகிறார்கள். வேறு என்பதற்காக இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வராது என்று அர்த்தமில்லை. சொல்லப்போனால் சேர்ந்து வரும் வாய்ப்புதான் அதிகம். மூளை வளர்ச்சியிலேயே இருக்கும் வேறுபாடு, வலிப்பு நோய், சிறு வயதிலிருந்தே கேலி, அடி, தனிமை, வேலை இல்லாத நீண்ட பகல்கள்… மனம் நோய்ப்பட இவ்வளவு காரணங்கள் போதாதா?

எத்தனை பேருக்கு என்று அளந்து பார்த்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்து 2007இல் வெளியானது. அறிவுசார் குறைபாடு உள்ள 1,023 பெரியவர்களை மருத்துவர்கள் நேரடியாகப் பரிசோதித்தார்கள். 40.9 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. இந்த எண்ணைவிட முக்கியமானது அதே ஆய்வின் இன்னொரு எண். அதே ஆட்களை, உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.மின் விதிகளை மட்டும் வைத்து மதிப்பிட்டால் 15.7 சதவீதம்தான் வந்தது. ஆட்கள் மாறவில்லை, நோயும் மாறவில்லை. கையேடு கேட்கும் கேள்விகளுக்குச் சொற்களில் பதில் சொல்லத் தெரியாதவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அன்றைய சொல்லான ‘மனவளர்ச்சிக் குறைபாடு’ என்ற தலைப்பின் கீழ் 15 லட்சம் பேரையும், ‘மனநோய்’ என்ற தலைப்பின் கீழ் 7.2 லட்சம் பேரையும் பதிவு செய்தது. இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்கள் எல்லோரும் ‘பல்வகை’ என்று இன்னொரு கட்டத்துக்குள் போனார்கள். இந்த இரண்டும் சேர்ந்து இருப்பவர் எத்தனை பேர் என்று அதிலிருந்து பிரித்து எடுக்க முடியாது.

சட்டம் கதவை மூடிவிட்டதா?

“மனநலச் சட்டத்துல எம்.ஆர். வராது” என்று மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் சொல்வது உண்டு. இது பாதி உண்மை. அந்தப் பாதி எப்படி வந்தது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

ஆங்கிலேயர் கொண்டுவந்த 1912ஆம் ஆண்டின் லூனசி சட்டம் அறிவுசார் குறைபாடு உள்ளவரையும் மனநோய் உள்ளவரையும் ‘பைத்தியம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்தது. விளைவு, நோயே இல்லாதவர்கள்கூட வாழ்நாள் முழுவதும் மனநலக் காப்பகங்களில் பூட்டப்பட்டார்கள். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது; மனவளர்ச்சிக் குறைபாட்டை மனநோயின் வரையறையிலிருந்து வெளியே எடுத்தது. 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த, இப்போது இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ம் அதே வழியில்தான் போகிறது. மனநோய் எது என்று விளக்கும் பிரிவு 2இல், மனவளர்ச்சிக் குறைபாடு இதில் அடங்காது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இது உரிமைக்காகப் போராடிப் பெற்ற பிரிவினை. குறைபாடு மட்டுமே உள்ள ஒருவரை ‘மனநோயாளி’ என்று முத்திரை குத்தி அடைக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் ஓ.பி. மேசையில் இதைப் படிக்கும் விதம் வேறாகிவிட்டது: குறைபாடு உள்ளவருக்கு மனநோய் வந்தாலும் அது நம் வேலை இல்லை!

சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. குறைபாடு மனநோய் அல்ல என்றுதான் சொல்கிறது. குறைபாடு உள்ளவருக்கு மனச்சோர்வு வந்தால் அந்த மனச்சோர்வு மனநோய்தான். இந்தச் சட்டத்தின் எல்லா உரிமைகளும் அவருக்கும் உண்டு. இதற்குச் சந்தேகமே இல்லாத சான்று பிரிவு 18. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவைகளில் சிகிச்சை பெற எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்லும் அந்தப் பிரிவு, பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களை வரிசையாக அடுக்குகிறது. பாலினம், மதம், சாதி, அரசியல் நம்பிக்கை, வர்க்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘மாற்றுத்திறன்’ என்பதும் பெயர் சொல்லியே இருக்கிறது.

பிரிவு 4 இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் எல்லோருக்கும் உண்டு என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. விவரங்களை எளிய மொழியிலோ, சைகையிலோ, படங்களாகவோ புரியும்படி சொல்ல வேண்டும் என்கிறது. படம் காட்டி மாத்திரையை விளக்கிய ஓ.பி.யை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நிழலில் மறையும் நோய்

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவதும் சரியில்லை. மனித மூளை செய்யும் ஒரு பிழை இதில் இருக்கிறது. 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நோயாளியின் விவரத்தை உளவியல் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த தாளில் மட்டும் அவருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்ற தகவல் சேர்ந்திருந்தது. அந்தத் தகவலைப் படித்தவர்கள், அதே அறிகுறிகளை மனநோய் என்று கருதுவது குறைந்துபோனது. பெரிய குறை ஒன்று கண்ணில் பட்டால், பக்கத்தில் இருக்கும் நோய் அதன் நிழலில் மறைந்துவிடுகிறது. ‘டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்’ என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த நிழல் மனநோயை மட்டும் மறைப்பதில்லை. தலையில் அடித்துக்கொள்பவருக்குக் காதில் சீழ் இருக்கலாம். கன்னத்தைக் குத்திக்கொள்பவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கலாம். சாப்பிட்டதும் கத்துபவருக்கு நெஞ்செரிச்சல், வாரக்கணக்கில் மலச்சிக்கல், மாதத்தில் சில நாள் மட்டும் ஆக்ரோஷமாகும் பெண்ணுக்கு மாதவிடாய் வலி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு அடிக்கடி வரும். சோர்ந்து ஒதுங்குவது அதனாலும் இருக்கலாம். நாற்பது, ஐம்பது வயதிலேயே மறதி நோய் தொடங்கும் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் போன்ற மருந்தே சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடும். பல் டாக்டரிடம் போக வேண்டியவர் ஆண்டுக்கணக்கில் மனநல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பது இப்படித்தான் நடக்கிறது.

சொல்லத் தெரியாதவரின் மனச்சோர்வு எப்படி இருக்கும்? ‘வாழவே பிடிக்கலை’ என்று அவர் சொல்ல மாட்டார். தூக்கம் கெடும், எடை குறையும், பிடித்த பாட்டைப் போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார், கற்றுக்கொண்ட பழக்கங்கள் ஒவ்வொன்றாக உதிரும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது புதிதாகத் தொடங்கும் அல்லது கூடும். அதாவது, ‘இன்றைக்கு எப்படி இருக்கிறார்’ என்று பார்த்தால் நோய் தெரியாது. ‘முன்பு எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியது’ என்று பார்த்தால்தான் தெரியும். அதைச் சொல்லக்கூடியவர் அம்மா, அக்கா, சிறப்பு ஆசிரியர். சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஓ.பி.யில் அந்தக் கதையைக் கேட்க நேரம் இருப்பதில்லை.

நேர்மாறான பிழையும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலர் தனக்குத் தானே பேசிக்கொள்வார்கள், கற்பனை நண்பரோடு சண்டைகூடப் போடுவார்கள். அன்றைய நாளை அசைபோடும் இயல்பான வழி அது. இதை ‘குரல் கேட்கிறது’ என்று எடுத்துக்கொண்டு மனச்சிதைவு மாத்திரை தொடங்கினால், இல்லாத நோய்க்கு வாழ்நாள் சிகிச்சை. இன்னொரு பக்கம், ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள வளரிளம் பருவத்தினர் சிலர் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, வாசற்படியில் கால் வைத்தபடி அப்படியே உறைந்து நிற்பார்கள். ஒரு கவளத்தை வாயில் வைத்து அரை மணி நேரம் விழுங்காமல் இருப்பார்கள். வீட்டில் இதற்குப் பெயர் ‘பிடிவாதம்’. மருத்துவத்தில் இது கேட்டடோனியா. கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு, விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

துக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா இறந்துபோகிறார். மகனை அன்று பக்கத்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். முகம் பார்க்கவில்லை, சுடுகாட்டுக்கு அழைத்துப் போகவில்லை. “அவனுக்கு என்ன தெரியும், பாவம்” என்பார்கள். கேட்டால் ‘அம்மா ஊருக்குப் போயிருக்கா’ என்று பதில். அடுத்த மாதம் அவர் அண்ணன் வீட்டுக்கு மாற்றப்படுகிறார். ஒரே அடியில் அம்மா, வீடு, படுக்கும் இடம், சோறு ஊட்டிய கை எல்லாம் போய்விட்டன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் பொருட்களை வீசி எறியத் தொடங்கும்போது, இந்த மரணத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. பேச்சு இல்லை என்பதால் துக்கம் இல்லை என்று நினைப்பதும் அந்த நிழலில் சேர்ந்ததுதான்.

மாத்திரை எதற்கு?

நோயைக் கவனிக்காமல் விடுவதும், மாத்திரையைத் தாராளமாகக் கொடுப்பதும் எதிரெதிர் என்று தோன்றும். நடைமுறையில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. நோய் என்ன என்று தேடாததால்தான் நடத்தையை அடக்க மாத்திரை போகிறது.

பிரிட்டனில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள 33,016 பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான ‘ஆன்டிசைக்காட்டிக்’ மருந்து வாங்கியவர்களில் 71 சதவீதத்தினருக்குத் தீவிர மனநோய் இருப்பதாகப் பதிவே இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, தேவையான நோய் இல்லாமலேயே தினமும் மனநல மருந்து சாப்பிடும் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர்வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2016இல் ‘ஸ்டாம்ப்’ என்ற பெயரில் தேவையற்ற மருந்தைக் குறைக்கும் இயக்கத்தை அந்நாட்டு அரசு மருத்துவ சேவை தொடங்கியது இந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

அந்த மருந்துகள் வேலையாவது செய்கின்றனவா? 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு சோதனை இதில் பெரிய அதிர்ச்சி கொடுத்தது. மனச்சிதைவு நோய் இல்லாத, ஆனால் அடிக்கடி ஆக்ரோஷமாகும் 86 பேர். ஒரு பிரிவுக்கு ரிஸ்பெரிடோன், ஒரு பிரிவுக்கு ஹாலோபெரிடால், மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரத்தில் மூன்று பிரிவிலும் ஆக்ரோஷம் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு! யாரோ அக்கறையோடு வந்து பார்த்தது, எண்ணியது, வீட்டாரோடு பேசியது, இவற்றுக்கே பலன் இருந்திருக்க வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்பது இதன் அர்த்தமல்ல. சோதனை சிறியது. உண்மையான மனச்சிதைவுக்கு, இருதுருவக் கோளாறுக்கு மருந்து அவசியம். ஆட்டிசத்தோடு வரும் கடுமையான எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் பயன்படும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இலேயே அதற்கு அனுமதி கொடுத்தது. கேள்வி எப்போது நிறுத்துவது என்பதில்தான். நடத்தைப் பிரச்சினைக்காகக் கொடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், ஆறு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல்.

இங்கே பரிச்சயமான காட்சி வேறு. “அவனைக் கூட்டிட்டு வர முடியலை டாக்டர், கூட்டத்தைப் பார்த்தா கத்துறான். அதே மாத்திரையையே கொடுத்துடுங்க.” அப்பா மட்டும் மாதாமாதம் வந்து வாங்கிப் போகிறார். வருடங்கள் ஓடும். எடை கூடும், சர்க்கரை ஏறும், கை நடுங்கும். உடல் இறுக்கமாக இருக்கிறது, உட்கார முடியவில்லை என்று சொல்லத் தெரியாதவர் எழுந்து எழுந்து நடக்கிறார். அது ‘ஓவர் ஆக்டிவ்’ என்று எழுதப்பட்டு டோஸ் கூடுகிறது. அப்பாவையும் குறை சொல்ல முடியாது. கூட்டத்தில் உட்கார முடியாத நோயாளிக்கு உட்கார வேறு இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

தனி மருத்துவமனை கட்டினால் தீர்ந்துவிடுமா?

உடனே தோன்றும் யோசனை இது. இந்த வழியில் போய்ப் பார்த்த நாடு இங்கிலாந்து. அறிவுசார் குறைபாட்டு மனநல மருத்துவம் அங்கே தனிச் சிறப்புத் துறை; அதற்கென்றே மருத்துவர்கள், அதற்கென்றே மருத்துவமனைகள். பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற 24 படுக்கைத் தனியார் மருத்துவமனையும் அப்படி ஒன்று. ஒரு நோயாளிக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்ட் அரசுப் பணம் போனது. 2011இல் பிபிசியின் ‘பனோரமா’ ரகசியக் கேமராவோடு உள்ளே போனபோது, நோயாளிகளை அடிப்பதும் தரையில் போட்டு அழுத்துவதும் தண்ணீரை ஊற்றிக் கொடுமைப்படுத்துவதும் பதிவானது. அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் அதற்கு முன்பே புகார் செய்திருந்தார். கண்காணிப்பு அமைப்பு கண்டுகொள்ளவில்லை. 11 ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஆறு பேர் சிறை சென்றார்கள்.

வசிக்கும் ஊரிலேயே உதவி கிடைத்தால் போதும் என்ற நிலையில் உள்ளவர்கள் 2014 ஜூனுக்குள் இப்படிப்பட்ட மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள் என்று அரசு வாக்குறுதி கொடுத்தது. பத்து ஆண்டுகள் கழிந்தும் இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,000 பேர், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள், மனநல மருத்துவமனைகளில்தான் இருந்தார்கள். பலருக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. வெளியே வீடும் ஆளும் இல்லை. படுக்கை இருந்தது, ஊரில் சேவை இல்லை. ஊரில் சேவை இல்லாத இடத்தில் படுக்கை காலியாவதே இல்லை.

1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு தெரிந்த சென்னைக்கு இது புதுப் பாடமும் அல்ல. தீவிரமான நிலையில் சில நாள், சில வாரம் சேர்த்துப் பார்க்கப் படுக்கைகள் வேண்டும். ஆனால் அரசிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் புதுக் கட்டடம் இல்லை.

இருப்பது எங்கே அறுந்துபோகிறது?

தமிழ்நாட்டில் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் இருக்கும் ‘நம்பிக்கை நிலையம்’, வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தையோடு குடும்பத்தையும் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. உலக வங்கி உதவியோடு 1,763 கோடி ரூபாயில் வந்த ‘ரைட்ஸ்’ திட்டத்தின் கீழ் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன.

அறுந்துபோகும் முதல் இடம், 18 வயது. ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானவை. பிறந்தநாளுக்கு மறுநாள் அந்தப் பிள்ளை பெரியவர்களுக்கான ஓ.பி. வரிசையில், அவரைப் பற்றி எதுவும் தெரியாத மருத்துவர் முன்னால் நிற்கிறார். பெரிய மனநோய்கள் பலவும் தலைகாட்டும் வயதும் ஏறக்குறைய அதுவே.

இரண்டாவது, துறைகள். சான்றிதழ், உதவித்தொகை, சிறப்புப் பள்ளி எல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. மனநல மருத்துவர், மாத்திரை, படுக்கை எல்லாம் சுகாதாரத் துறை. ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல். இரண்டும் ஒரே மேசையில் விரிவதில்லை. பணமும் இப்படித்தான் பிரிகிறது. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை தரும். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. மனநோய்க்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் மூன்றும் இருக்கின்றன. ஆனால் இரண்டு உள்ளவருக்கு என்ன சேவை என்று வரும்போது, அவர் எந்தத் துறையின் ஆள் என்ற பழைய கேள்வியே திரும்பி வருகிறது.

மூன்றாவது, ஆட்கள். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி ஒரு லட்சம் பேருக்கு மனநல மருத்துவர்கள் மத்தியப் பிரதேசத்தில் 0.05, நல்ல நிலையில் இருந்த கேரளத்திலேயே 1.2. இதில் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களைப் பார்ப்பதில் தனிப் பயிற்சி பெற்றவர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். ஆகவே நிபுணர்களை உருவாக்கும்வரை காத்திருக்கலாம் என்பது பதிலாகாது.

இருக்கும் ஆட்களை வைத்தே செய்யக்கூடியது இருக்கிறது, செலவும் பெரிதில்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதத்தில் ஒரு அரை நாள் சிறப்புப் பள்ளியிலோ விழுதுகள் மையத்திலோ உட்கார்ந்தால், கூட்டத்தைப் பார்த்தால் கத்தும் மகனை அப்பா அழைத்து வரலாம். முன்பு எப்படி இருந்தார் என்று சொல்ல சிறப்பு ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். மருத்துவமனைக்குத்தான் வர வேண்டுமென்றால், வாரத்தில் ஒரு மதியம் கூட்டமில்லாத நேரத்தை இவர்களுக்கு ஒதுக்கலாம். மனநல மாத்திரை எழுதுவதற்கு முன் பல், காது, தைராய்டு, மலச்சிக்கல் பார்த்தாயிற்றா என்று கேட்கும் ஒரு தாளை ஃபைலில் குத்தி வைக்கலாம். நோயாளியை நேரில் பார்க்காமல் இத்தனை மாதத்துக்கு மேல் அதே மருந்தைத் தொடரக் கூடாது என்று எல்லை வைக்கலாம். 17 வயதிலேயே இரண்டு மருத்துவர்களும் ஒருமுறை சேர்ந்து பார்த்து ஃபைலைக் கைமாற்றலாம்.

இதில் கடினமானது, வீட்டாருக்கு ஓய்வு. இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோருக்கு மாதத்தில் இரண்டு நாள் பிள்ளையை நம்பி விட ஓர் இடம் இருந்தால், பல நெருக்கடிகள் மருத்துவமனைவரை வராது. அந்த இரண்டு நாள் இடம் பெரும்பாலான மாவட்டங்களில் இல்லை. மேலே சொன்னவற்றில் உண்மையிலேயே பணமும் ஆளும் கேட்பது இது ஒன்றுதான், தள்ளிப்போடப்படுவதும் இதுதான்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது

இப்போதைக்கு அதே ஓ.பி.க்குத்தான் போக வேண்டும் என்றால், கையில் எடுத்துப் போக வேண்டியது ‘மாற்றம்’ பற்றிய சான்று. எந்தத் தேதியிலிருந்து, எது, எவ்வளவு மாறியது? இரண்டு வாரத்துக்குத் தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தது, அடித்துக்கொண்ட நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கலாம். போனில் இரண்டு வீடியோ: நன்றாக இருந்தபோது எடுத்த பழையது ஒன்று, இப்போதையது ஒன்று. பத்து நிமிடப் பேச்சு சொல்லாததை அது ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். வீட்டில் நடந்த சாவு, இடமாற்றம், நின்றுபோன ஆசிரியர், புதிய மாத்திரை எல்லாவற்றையும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். யாராவது அவரைத் தவறாகத் தொட்டிருக்கலாமோ, அடித்திருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தால் அதையும்.

மாத்திரை எழுதினால் மூன்று கேள்வி கேட்கலாம்: இது எந்த நோய்க்கு, பலன் தெரிகிறதா என்று எப்போது பார்ப்பீர்கள், எப்போது நிறுத்துவோம்? ஏற்கெனவே பல வருடமாகச் சாப்பிடும் மருந்தைத் தாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லி மெல்லத்தான் குறைக்க வேண்டும். இரவில் நெருக்கடி என்றால் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ 24 மணி நேரமும் தமிழிலேயே பேசும்.

குறைபாட்டைக் காரணம் காட்டி அரசு மருத்துவமனை பார்க்க மறுத்தாலோ அரைகுறையாகப் பார்த்தாலோ, நோயாளியோ அவர் சார்பில் நியமிக்கப்பட்டவரோ சட்டத்தின் பிரிவு 28இன்படி முதலில் அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பதில் திருப்தி இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேலே மாநில மனநல ஆணையம். புகாரில் குறிப்பிட வேண்டிய பிரிவு 18. வழக்கறிஞர் உதவி தேவைப்பட்டால் அது இலவசமாகவே கிடைக்க வேண்டும் என்கிறது பிரிவு 27.